ஞாயிற்றுக்கிழமை நரேன்

கேரள எல்லையில் இருக்கும் வாளையாருக்கு ஒரு காலத்தில் நிற்பதுதான் தொழில். சரக்கு லாரிகள் செக்போஸ்ட்டுக்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிப்பார்கள். துவைத்த லுங்கி முன்கண்ணாடியில் காயும். அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, லாரிக்காரர்களுக்கு ஃபாரம் எழுதிக்கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் நான். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. வணிகவரி செக்போஸ்ட் போனது, கூடவே என் மேஜையும் போனது. பேனா மட்டும் மிச்சம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வண்டிகள் நிற்காமல் போவதைப் பார்க்கிறேன். ஆறு மணி சுமாருக்குக் கோயம்புத்தூர் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பும். மதுக்கரைப் பக்கம் பாறைக்கு வெடி வைக்கிறார்களோ என்று புது ஆள் எழுந்து பார்ப்பார். பெஞ்சின் பழைய ஆட்கள் எழமாட்டோம். டம்ளரை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். வருகிறான், ஞாயிற்றுக்கிழமை நரேன்.

பெயர் நாங்கள் வைத்தது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் ஆள் நரேன் கார்த்திகேயன், 2005-இல். கோயம்புத்தூர்க்காரர். அதிலிருந்து அந்த ஊர்ப் பையன்களுக்கு, வேகம் சிறுவாணித் தண்ணீரிலேயே கலந்து வருகிறது என்று ஒரு நம்பிக்கை. தண்ணீர் வாராவாரம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

நம் நரேனுக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். லைசென்ஸ் கார்டில் இன்னும் பிளாஸ்டிக் வாசனை போயிருக்காது. விடிவதற்கு முன்பே கூலிங்கிளாஸ். வண்டியின் மூக்கில் ஒரு குதிரை. ஒரு கம்பெனிக் குதிரை ஓடும், இன்னொன்று பின்னங்காலில் நிற்கும், மூன்றாவது கேடயத்துக்கு நடுவில் பதவிசாக இருக்கும். எந்தக் குதிரையானாலும் கொள்ளு கிலோ என்ன விலை என்று இவனுக்குத் தெரியாது. அது அப்பா கணக்கு.

எதற்காக வருகிறான்? இட்லி சாப்பிட. சத்தியமாகச் சொல்கிறேன். எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி என்று ஒரு சின்ன ஊர். அங்கே தமிழ்நாட்டிலிருந்து எந்தக் காலத்திலோ வந்த முதலியார் குடும்பங்கள், மண்பானை வாயில் நூல்வலை கட்டி, துணி விரித்து, தோசை போல் தட்டையாக ஓர் இட்லி ஊற்றுகிறார்கள். விறகடுப்பு, ஒரு தடவைக்கு நாலைந்து இட்லிதான் வேகும். அந்த இட்லிக்கு அவசரமே கிடையாது. அதைத் தின்னத்தான் இவன் நானூறு குதிரைச் சக்தியில் வருகிறான். வந்து முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கிறான். நின்ற நேரத்தில் போனில் பார்க்கிறான், உக்கடத்திலிருந்து வாளையார் வரைக்கும் எத்தனை நிமிஷம் மிச்சம் பிடித்தோம் என்று.

தனியாகவும் வரமாட்டான். முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார். முன்கார் டிக்கியைத் திறந்துவைத்து, அதில் ஒரு ஒல்லிப் பையன் கால் மடக்கி உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பான். இந்தக் கூட்டத்தில் உயிரை உண்மையாகவே பணயம் வைப்பவன் அந்த ஒல்லிப் பையன்தான். அவனுக்கு லைக்கும் கிடையாது, இட்லியில் பங்கும் கடைசியில்தான்.

எல்லைப் பாலம் நெருங்கும்போது நரேனைப் பார்க்க வேண்டும். கேரளத்தில் 2023-இல் 726 கேமரா வைத்தார்கள். நான்குவழி தேசியச் சாலையில் காருக்கு மணிக்கு 100-தான் உச்சம் என்றும் அறிவித்தார்கள். க.க.சாவடி வரை புலியாக வந்தவன், மலையாளப் பலகையைக் கண்டதும் சபரிமலைக்கு மாலை போட்டவன் ஆகிவிடுவான். இண்டிகேட்டர் எல்லாம் போடுவான். எஞ்சினுக்கு மாநிலம் தெரியாதுங்களா, அது மட்டும் உறுமிக்கொண்டிருக்கும்.

சாயா குடிக்க ஒதுங்கும்போது சர்வீஸ் ரோட்டு ஸ்பீடு பிரேக்கர் வரும். ஆட்டோ அதைத் தாண்டும், பால்வண்டி தாண்டும், சாயாக்கடை ஏட்டனின் ஆடு தாண்டும். நரேன் நிறுத்துவான். நண்பன் இறங்கிக் குனிந்து, "லெஃப்ட்ல கட் பண்ணு மச்சி, இன்னும், இன்னும்" என்பான். வண்டி குறுக்காக, பிரசவத்துக்குப் போகிற பெண்ணைப்போல ஏறும். இருந்தும் அடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். நரேன் முகத்தில் அந்த நேரம் வரும் வேதனையை, பெற்ற தாய்க்கு நோவு என்றாலும் காட்டுவானா என்பது சந்தேகம்.

ஏட்டன் சாயாவை நீட்டிக்கொண்டே கேட்பார்: "மோனே, மைலேஜ் எத்தற கிட்டும்?"

இந்தக் கேள்வி மட்டும் நரேனுக்குப் பிடிக்காது. பிக்கப் கேட்கலாம், டாப் ஸ்பீடு கேட்கலாம். "அஞ்சு தரும் சேட்டா" என்பான், தலையைத் திருப்பிக்கொண்டு.

பக்கத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருக்கும் லாரி டிரைவர் விடமாட்டார். "லோடு ஏத்திட்டு நானே நாலு தர்றேனுங்க தம்பி. நீங்க ஒரு மூட்டை சிமென்ட்டுகூட ஏத்தலியே!"

இனி அப்பா. நரேனைப் புரிந்துகொள்ள அப்பாவைப் பார்க்க வேண்டும். ஃபவுண்டரியோ பம்ப்செட்டோ, ஏதோ ஒன்றை டிவிஎஸ் 50-இல் காஸ்டிங் மூட்டை கட்டி இழுத்துக் கட்டியெழுப்பியவர். 'நான் பட்ட பாட்டை என் பையன் படக்கூடாது' என்பது அவர் வாழ்நாள் கொள்கை. ஆனால் அந்த டிவிஎஸ் 50 அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பாட்டோடு சேர்ந்து பையனுக்குக் கிடைக்காமல் போகிறதே, அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். மழையில் பிரேக் எப்படி நழுவும், லோடு இருந்தால் வண்டி எங்கே நிற்கும், முன்னால் போகிற சைக்கிள்காரர் கை காட்டாமல் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதெல்லாம் அவர் முட்டியில் தழும்பாக இருக்கிறது. பையன் முட்டி வழுவழு. ஒன்று கவனித்திருக்கிறேன். இந்த அப்பாக்கள் பையன் வண்டியில் ஏறுவதே இல்லை. கேட்டால் "குனிஞ்சு உக்கார முடியல, இடுப்பு வலி" என்பார்கள். இன்னோவாவில் பின்சீட்டில், ஐம்பது வயது டிரைவரை வைத்துக்கொண்டு போவார்கள். இடுப்புக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை போடுவார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, "மெதுவா எடு கண்ணு" என்று அர்ச்சகர் சொன்னதும் கண்ணு எடுத்த வேகத்தில், தேங்காய்த் தட்டோடு அர்ச்சகர் படியேறிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பையன் சொன்ன கதைதான். பெருமையாகச் சொன்னான்.

வாங்கித்தரலாமா கூடாதா என்று எங்கள் பெஞ்சில் பேச்சு வரும். "காசு இருக்கு, வாங்கறான். உனக்கென்ன?" என்பார் பஞ்சர் கடைக்காரர். நியாயந்தான். ரோடு அவன் அப்பா வாங்கியதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன்.

நம் சட்டத்தைப் பாருங்கள். பதினாறு வயதில் 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டி. பதினெட்டில் கார். லாரி ஓட்ட வேண்டுமா, இருபது வயது ஆக வேண்டும், அதற்கு முன் ஒரு வருஷம் இலகுரக லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். படி வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் பதினெட்டில் கொடுக்கும் அந்த கார் லைசென்ஸுக்கு, பழைய மாருதியும் ஒன்று, நானூறு குதிரையும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் புது லைசென்ஸ்காரன் டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள காரைத் தொடக்கூடாது. ஃபெராரி பிறந்த இத்தாலியிலேயே புதியவர்களுக்குச் சக்தி வரம்பு உண்டு. நெய்க்காரன் வீட்டிலேயே குழந்தைக்கு அளந்துதான் ஊற்றுகிறார்கள்.

நிஜமான நரேன் எதில் தொடங்கினார் தெரியுமா? ஸ்ரீபெரும்புதூர் பந்தயப் பாதையில், ஃபார்முலா மாருதி என்ற வண்டியில். பந்தய வீரர் கரிவரதன் உருவாக்கிய வண்டி. அதில் இருந்தது நம் வீட்டு மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின். அப்பா கார்த்திகேயன் ராலி ஓட்டி ஜெயித்தவர். அப்படியிருந்தும் பையனைப் பிரான்சில் பந்தயப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். கரிவரதன் பெயரிலேயே கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே எதிரில் பால்வண்டி வராது, ஆடு வராது. நம் நரேனை அங்கே போகச் சொன்னால், "அங்க யாரு பாக்கறாங்க?" என்பான். முழு வியாதியும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

ஒருநாள் சாயாக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே அடியெண்ணிப் பார்த்தேன். சுமார் ஐம்பது மீட்டர். 180-இல் போகிறவனுக்கு அது ஒரே நொடி. 'அடடே ஆடு' என்று மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஏட்டன் கடையும் போச்சு, பஞ்சர் கடையும் போச்சு. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நாலு மடங்கு. இந்த வாய்ப்பாட்டை எட்டுப் போடும்போது எவரும் கேட்பதில்லை.

நான் என்னமோ பிறவி ஞானி என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பது வயதில் மாமா யெஸ்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு இதே ரோட்டில் பறந்தவன். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியுமல்லவா, மலை விட்ட சந்தில் அரபிக்கடலே மூச்சுவிடுகிற மாதிரி வரும். ஒரு லாரியைத் தாண்டினேன். அதுவரை லாரி மறைத்திருந்த காற்று, தாண்டியதும் ஒரு அறை விட்டது. எழுந்தபோது பனைமரத்தடியில் இருந்தேன். வண்டி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. அன்றைக்கு என்னிடம் இருந்ததைப்போல முப்பது மடங்கு சக்தியை இன்று பையனிடம் கொடுக்கிறார்கள். முட்டாள்தனம் எங்கள் காலத்து அளவேதான், கூடவில்லை. எஞ்சின்தான் பெரிதாகிவிட்டது.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. 2024 மே 19, புனே கல்யாணி நகர். பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே மோதி, மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் செத்துப்போனார்கள். கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள கார். பதிவுக்குக் கட்ட வேண்டிய 1,758 ரூபாய் பாக்கி. ஜாமீன் கொடுத்த சிறார் நீதி வாரியம், விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னது. பதினெட்டு ஆகாதவன் சட்டத்தை மீறி ஓட்டினால், கொடுத்தவருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. பதினெட்டு முடிந்த மறுநாள் அந்தச் சட்டத்துக்கு அப்பாவைத் தெரியாது.

வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவே யானை தண்டவாளம் கடக்கும். அதற்காக ராத்திரியில் ரயிலுக்கே வேகத்தைக் குறைத்துவைத்திருக்கிறார்கள். சரக்கு ரயிலில் வருஷக்கணக்காகத் தேய்ந்த பிறகுதான் ஒருவர் கையில் எக்ஸ்பிரஸைக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆளே இங்கே மெதுவாகத்தான் போகிறார்.

போன ஆனியில் ஒரு ஞாயிறு, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு மஞ்சள் வண்டி சர்வீஸ் ரோட்டுக் குழி விளிம்பில் இறங்கியது. 'டப்'. டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழைகிற கிழிசல். கூட வந்த கார்கள் இட்லிக்குப் போய்விட்டன. பஞ்சர் கடைக்காரர் ஜாக்கியோடு வந்தார்.

"ஸ்டெப்னியை எடுங்க தம்பி."

"இல்லீங்ணா."

"வீட்ல கழட்டி வெச்சுட்டீங்களா?"

"கம்பெனியிலேயே தரமாட்டாங்ணா. இந்த ஸ்ப்ரே மட்டுந்தான்."

கடைக்காரர் அந்தக் குப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அத்தனை காசு வாங்கிட்டு ஒரு டயர் குடுக்கமாட்டானா?" என்றார். அவர் குரலில் இருந்தது உண்மையான துக்கம்.

பையன் வீட்டு டிரைவருக்குப் போன் போட்டான். "அண்ணா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க." ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தான். கூலிங்கிளாஸைக் கழற்றியிருந்தான். சின்னப் பையன். மீசை சரியாக முளைக்கவில்லை. ஏட்டன் கேட்காமலே இரண்டாவது சாயா கொடுத்தார்.

ரெக்கவரி லாரி வந்தது. ஓட்டியவருக்கு அறுபது இருக்கும். பெட்டிக்கடைக்கும் ஏட்டனின் விறகுக் குவியலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடம். பீடியை உதட்டில் வைத்தபடியே, கண்ணாடியை ஒரு பார்வை பார்த்து, ஒரே ஒடிப்பில் ரிவர்ஸ் எடுத்து, மஞ்சள் வண்டியின் மூக்குக்கு நேராகத் தட்டை இறக்கினார். பையன் எழுந்து நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையில் போன் இருந்தது, தூக்கவில்லை.

குதிரையைக் கட்டி ஏற்றிக்கொண்டு லாரி கோயம்புத்தூர் பக்கம் திரும்பியது. நாற்பதுக்கு மேல் போகாது. பையன் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். எங்கள் பெஞ்சைத் தாண்டும்போது அவன் கேட்டது காற்றோடு வந்து விழுந்தது.

"ஏனுங்ணா, இது மைலேஜ் எவ்வளவு தரும்?"