மூஷிக சிகிச்சை

நுவரெலியாவில் செல்லமாய் வளர்ந்த வெள்ளை எலி ஒன்றின் மூக்கோரத்தில் செந்நிறக் கசிவு தோன்றவே, வீட்டார் அதனை இரத்தமென்று நிச்சயித்து, கம்பளித் துணியில் சுற்றிக் கூடையில் இருத்தி, பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியசாலைக்கு வாடகைக் காரில் புறப்பட்டனர் என்று கேட்ட தேயிலைத் தோட்ட லயத்து ஜனங்கள் சிரிக்கவில்லை; பிரசவ வேதனைக்கும் கொழுந்து லொறியை எதிர்பார்த்துப் பழகியவர்களாதலால், காரின் வாடகை எவ்வளவென்று மாத்திரம் விசாரித்தார்கள்.

கசிந்தது இரத்தமன்று. எலியின் கண்ணுக்குப் பின்னுள்ள ஹார்டேரியன் சுரப்பி, பீதியிலும் பிணியிலும் போர்பிரின் என்னும் செஞ்சாயத்தை மிகுதியாகச் சுரக்கும். அதனுடன் மூச்சில் கரகரப்பும் சேர்ந்தால் மைகோபிளாஸ்மாக் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். எலி வாயினால் சுவாசிக்க இயலாத பிராணியாகையால் தாமதம் ஆகாது. ஆகவே, பிரயாணம் நியாயமானதே.

இதே மலைகளில் கோப்பி செழித்த காலத்தில், அரும்பையும் பூவையும் நாசஞ்செய்த கோப்பி எலியைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், அவ்வெலி மிகுந்த தோட்டங்களையே இந்தியக் கூலிகள் விரும்பினரென்றும், அதனைத் தேங்காயெண்ணெயில் பொரித்தோ கறியாக்கியோ உண்டனரென்றும், 1861இல் வெளியான இலங்கை இயற்கை வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். அந்த ருசிக்கும் அவர்கள் பெற்ற கூலிக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் ஆராயாதது, ஏட்டில் இடம் போதாமையினாலாக இருக்கலாம்.

வளர்ப்பெலியின் ஆயுள் இரண்டு மூன்று வருஷந்தான். வைத்திருப்போர் கூண்டில் பைன் மரத்தூளைப் பரப்பாமல், குளிர்காற்றுப் படாமல் காப்பார்களாக. போகும் காரில் இடமிருந்தால், வழியிலுள்ள ஆஸ்பத்திரி வரையில் ஒரு கர்ப்பிணியையும் ஏற்றிக்கொள்வார்களாக.