கொல்லையில் ஒரு பந்தி

தேனீக்களைக் காப்பாற்றவேண்டுமாம். அதற்காகக் கொல்லையில் தானாக முளைத்த தும்பையையும் எருக்கையும் ஆள் வைத்துப் பிடுங்கிவிட்டு, காட்டுப்பூ விதை என்று பொட்டலத்தில் வாங்குகிறோம். கூடவே நர்சரியிலிருந்து அடுக்கு ரோஜா. அடுக்குப் பூவில் மகரந்தத்தாள்களில் பலவும் இதழ்களாகவே மாறிவிடுவதால், தேடி வரும் தேனீக்குப் பந்தி உண்டு, இலையில் சோறில்லை. எருக்கோ கருவண்டுக்குத் தேனும், வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு இலையும் தருகிறது. எருக்கு முளைத்தால் வீடு பாழ் என்பார்கள் (பிள்ளையார் சதுர்த்தியன்று அதே பூவை மாலையாகக் காசு கொடுத்து வாங்குபவர்கள்தான்). புதர் மண்டினால் பாம்பு வரும் என்பது நியாயமான பயம். மதிலோரம் நாலடிப் பாத்தி போதும், யாரும் காடு வளர்க்கச் சொல்லவில்லை. கொசு? அது தும்பைப்பூவில் முட்டையிடுவதில்லை. ரோஜாத் தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் இடுகிறது.