எட்டாம் எண் காற்றும் விருந்தாளி ஊர் திரும்பலும்: ஏஜியன் கடலை முன்வைத்து ஓர் ஆய்வு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நிலத்தில் வாழ்வோர் வகுத்த விதி. கிரேக்கத் தீவில் குடியிருக்கும் நண்பர் வீட்டுக்குக் கப்பலேறிப் போகிறவருக்கு அது செல்லுமா என்பதே இங்கு ஆய்வுப் பொருள். செல்லாது என்பது ஆய்வாளரின் துணிபு. விருந்தாளி கிளம்பும் நாளை அங்கே வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்னும் காற்று குறித்துக் கொடுக்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கிப் பக்கம் குறைவதால் பிறக்கும் காற்று இது. வானத்தில் பெரும்பாலும் மேகம் இருக்காது. கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைக்கும். “வெயில் நன்றாகத்தானே அடிக்கிறது, கப்பலுக்கு என்ன?” என்று துறைமுகத்தில் கேட்பவர் வெளியூர்க்காரர் என அறிக. இக்காற்றின் காலம் பார்த்தே மாசிடோனிய மன்னன் பிலிப்பு காரியம் சாதிக்கிறான், நம்மால் போய்ச் சேர முடிவதில்லை என்று ஏதென்ஸ் மக்களைக் கடிந்தார் பண்டைய சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸ். இதே உத்தியை நெருங்கிய உறவினர்களும் கையாண்டிருக்கலாம் என்பது ஆய்வாளரின் ஐயம். கல்வெட்டுச் சான்று இல்லை.

இத்துறையின் முன்னோடி வழக்கு ஹோமரின் ஒடிசி காவியத்தில் பதிவாகியிருக்கிறது. காற்றுகளின் காவலன் ஏயோலஸ் காவிய நாயகன் ஒடிசியஸை ஒரு மாதம் வீட்டில் வைத்து உபசரித்தான். பாதகமான காற்றுகளையெல்லாம் மாட்டுத்தோல் பையில் கட்டிக் கொடுத்து வழியனுப்பினான். சொந்த ஊர் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், உள்ளே பொன் இருக்கும் என்று கூட்டாளிகள் பையை அவிழ்க்க, கப்பல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. ஏயோலஸ் கதவைக் காட்டிவிட்டான். அவன் இதற்குச் சொன்ன காரணம் தெய்வ கோபம். வழியனுப்பிய விருந்தாளி மூட்டை முடிச்சோடு மறுபடி வாசலில் நிற்கும்போது எந்த வீட்டாருக்கும் தோன்றும் இயல்பான உணர்ச்சி என்றே நாம் கொள்கிறோம்.

காற்றை எண்ணிட்டு அளக்கும் முறையை 1805இல் வகுத்தவர் பிரான்சிஸ் பியூஃபோர்ட். அவர் போர்க்கப்பலின் பாய்களைப் பார்த்து அளந்தார். நண்பரின் முகத்தைப் பார்த்தும் அளக்கலாம். ஐந்தாம் எண் வரை “இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே” என்பார். ஆறில் அதையே சொல்வார். பார்வை மட்டும் கைபேசியில் இருக்கும். ஏழில் அதிவேகப் படகுகள் நிற்கக்கூடும் என்று கேள்விப்பட்டு, பெரிய கப்பலாவது போகுமா எனத் தானே டிக்கெட் கடைக்கு நடப்பார். எட்டு என்றால் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர். கடலோரக் காவல்படையின் தடை எந்நேரமும் வரலாம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அவர் மனைவி மறுபடி போர்வையை எடுத்து வைப்பார்.

சரோனிக் வளைகுடாவின் ஈஜினா போன்ற தீவுகளை இவ்வாய்வு விலக்குகிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து அதிவேகப் படகில் முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்துக்குப் போனவர், காற்றைக் காரணம் காட்டித் தங்கினால் யார் நம்புவது?

மறுப்பு ஒன்று எழலாம்: முதல் விருந்தாளி கிளம்பாதபோது, அதே கட்டிலுக்கு அடுத்தவர் வந்து சேர்ந்தால்? இங்கேதான் இயற்கையின் நிர்வாகத் திறமை வெளிப்படுகிறது. நக்ஸோஸ் தீவில் ஒருவரைப் பிடித்து வைக்கும் அதே தடை, வரவேண்டியவரைப் பிரேயஸிலேயே உட்கார வைத்துவிடுகிறது. கப்பல் நிறுவனம் டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றிக் கொடுக்கும், அல்லது பணத்தைத் திருப்பித் தரும். வெறுங்கையோடு போகக்கூடாதென்று அவர் ஏதென்ஸ் மிட்டாய்க்கடையில் வாங்கி, ரிப்பன் கட்டி, மடியில் வைத்திருக்கும் இனிப்புப் பெட்டியைப் பற்றி விதிமுறையில் ஒன்றும் இல்லை. அது நண்பரின் உடைமையா, பயணியின் உடைமையா? தடை அறிவித்து இரண்டு மணி நேரமானால் பயணியுடையது என்பதே பெரும்பான்மைக் கருத்து. பாலேடு வைத்த வகையென்றால் உடனடியாக.