அசுகி இலாகா

டோக்கியோவில் ஊயெனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவே கப்பாபாஷி என்றொரு தெரு. சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு இரண்டு பக்கமும் சட்டி, கத்தி, சல்லடை, கரண்டி என்று ஓட்டல்காரர்களுக்கான சாமான் கடைகள். வேலை நாளில், கடை திறந்த கையோடு, அங்கே ஒரு செப்புச் சட்டியைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். வயது அறுபத்தைந்து இருக்கும். கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். "எங்கே கடை வைத்திருக்கிறீர்கள்?" என்று கடைக்காரர் கேட்டால், "கடையெல்லாம் இல்லை, வீட்டுக்குத்தான்" என்பார். கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். இந்த ரகத்தை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

ஒரே கம்பெனியில் காலமெல்லாம் உழைத்துப் பிரிவுத் தலைவராக ஓய்வு பெற்ற ஜப்பானியருக்குத் திங்கட்கிழமை காலை ஒரு பெரிய கண்டம். சிலர் சோபா நூடுல்ஸுக்கு மாவு பிசையப் போய்விடுவார்கள். நம்மவர் ஆங்கோ காய்ச்ச வந்தவர். நவோமி கவாசே 2015-ல் எடுத்த 'அன்' படத்தைப் பார்த்த நாளிலிருந்து பிடித்தது. அதில் கிரின் கிகி நடித்த மூதாட்டி, கொதிக்கும் பயறு பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பார். முப்பது வருஷமாக மனைவி பேசியதைக் கேட்காத நம்மவர், மறுநாளே பானைக்குக் காது கொடுத்தார்.

அசுகி என்பது சிவப்பான சிறு பயறு. உளுந்து, பாசிப்பயறு, காராமணி எல்லாம் அதே பேரினத்து உறவுகள். அதை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய பூரணம்தான் ஆங்கோ. டைஃபுக்கு என்ற பசையரிசி உருண்டை, ஆவியில் வெந்த மஞ்சு, மீன் அச்சில் வார்த்த தாயாக்கி, டோரேமான் உயிரை விடுகிற டொரயாக்கி எல்லாவற்றின் வயிற்றிலும் அதுதான் இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவிலும் கிடைக்கும். டப்பா என்ற சொல்லை நம்மவர் முன்னால் உச்சரிக்கக் கூடாது. அவருக்கு ஹொக்கைடோவின் டொக்காச்சியில் விளைந்த பயறுதான் வேண்டும். பையில் அறுவடை ஆண்டு அச்சிடாவிட்டால் கடைக்காரரிடம் விளக்கம் கேட்பார்.

மாமியார் இருந்த வரையில் அந்த வீட்டில் இதெல்லாம் ஒரு வேலையாகவே இருந்ததில்லை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், இரவும் பகலும் சமமாகும் நாளையொட்டி முன்னோர் கல்லறைக்குப் போகிற ஹிகான் வாரம் வரும். சோற்றை அரைகுறையாக மசித்து உருட்டி, மேலே ஆங்கோ அப்பி, ஒஹாகி செய்து படைப்பார் கிழவி. எல்லாம் கண்ணளவு. நம்மவரோ 0.1 கிராம்வரை காட்டும் தராசு வைத்திருக்கிறார். சுவரில் ஒரு அட்டவணை. அதில் தேதி, பயறு, தண்ணீர், அடுப்பின் தணல் எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்தில் சிவப்பு முத்திரை. முத்திரை வைப்பவரும் அவர்தான், வாங்குபவரும் அவர்தான்.

முதல் நாளே மனைவி, "ராத்திரி ஊற வைக்கலியா அப்பா?" என்று கேட்டுவிட்டார். (பிள்ளைகள் கல்யாணமாகிப் போன பின்பும் அங்கே பல மனைவிமார் கணவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.) அவ்வளவுதான், அரை மணி நேரச் சொற்பொழிவு. அசுகியின் தோல் கெட்டி, பயறின் கண் அருகே உள்ள ஒரு நுண்ணிய வாசல் வழியாகத்தான் தண்ணீர் நுழையும், ஆகவே ஊற வைத்துப் பெரிய பலன் இல்லை. விஷயம் சரிதான். மனைவிக்கும் தெரியும், தெரிகிறதா என்று பார்ப்பதற்காகக் கேட்டார்.

அடுத்த சிக்கல் கசர். பயறு கொதித்ததும் முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் துவர்க்கும். ஒரு தடவை கொட்டுவதா, இரண்டு தடவையா என்பதில் தொழில்காரர்களே ஒத்துப்போவதில்லை. நம்மவர் மனைவி, மைத்துனி, அரிசிக் கடைக்காரர் மூவரையும் தனித்தனியே கலந்து, ஒன்றரைத் தடவை என்று முடிவெடுத்தார். அதெப்படி என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

சர்க்கரையை அவசரப்பட்டுப் போட்டால் பயறு இறுகிவிடும் என்பதை மட்டும் அவர் அனுபவத்தில் கற்றார். அந்த ஆங்கோவைச் சாப்பிட்ட பேரன், "தாத்தா, இதில் கல் இருக்கு" என்றான். 'ஆரம்பக் கட்ட விமர்சனம்' என்று அட்டவணையில் ஏறியது.

தோலோடு வைத்தால் ட்சுபுஆன். சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, மாவைத் தண்ணீரில் அலசித் தெளியவைத்து, துணியில் பிழிந்து, மறுபடி சர்க்கரையோடு காய்ச்சினால் கோஷிஆன். இரண்டில் எது உசத்தி என்று ஜப்பானில் குடும்பங்களே இரண்டுபட்டுக் கிடக்கின்றன. நம்மவர் கோஷிஆன் கட்சி. அதில் வேலை அதிகம்; நாள் பூராவும் ஓடும். கெட்டிப்பட்ட ஆங்கோ குமிழி விட்டு வெடிக்கும்போது கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். அதற்காகத் தோட்டக் கையுறை மாட்டிக்கொண்டு தூர நின்று கிளறுவார். துடுப்பால் கோடு போட்டால் சட்டியின் அடி தெரிய வேண்டும், பதம் அதுதான். அவர் கோடு போட்டு, குனிந்து பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொள்வதற்குள் அடி பிடித்துவிடும்.

டைஃபுக்கு உருட்டும்போதுதான் இலாகாவின் ரகசியம் வெளியாகும். பசையரிசி மாவும் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, மைக்ரோவேவில் இரண்டு மூன்று முறை சூடாக்கிக் கிளறினால் கண்ணாடிபோல் பளபளக்கும். சூடு ஆறுமுன் உருளைக்கிழங்கு மாவைத் தூவி, கிள்ளி, உள்ளங்கையில் பரத்தி, நடுவில் ஆங்கோ உருண்டையை வைத்து, ஓரங்களை இழுத்து அடியில் கிள்ளி மூட வேண்டும். நம்மவர் மூன்றாவது உருண்டையை எடை போட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் மனைவி தொலைக்காட்சியில் சீரியல் பார்த்தபடியே பன்னிரண்டை மூடியிருப்பார். எல்லாம் ஒரே அளவு. நம்மவர் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்துப் பார்ப்பார். பிறகு எதுவும் சொல்லாமல் தராசை அணைப்பார்.

300 கிராம் பயறுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரை போட்டால் ஒரு கிலோவை ஒட்டி ஆங்கோ வரும். வீட்டிலோ இரண்டே பேர். ஃப்ரீசரில் மீனுக்கு இடமில்லை. மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைப்பது அங்கே நல்ல பழக்கம். வாங்கியவர் சும்மா இருக்க முடியாமல் பதிலுக்கு ஏதாவது கொடுப்பதும் பழக்கம். தெரு தத்தளித்தது. இடது வீட்டுக்காரி ஆரஞ்சு கொடுத்து ஓய்ந்தாள். வலது வீடு விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தது. எதிர்வீட்டிலும் ஓய்வு பெற்ற ஒரு பிரிவுத் தலைவர் உண்டு. அவர் சோபா இலாகா. ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கிருந்து டைஃபுக்கு போகும், அங்கிருந்து சுண்டுவிரல் பருமனில் நூடுல்ஸ் வரும்.

பரிமாற்றம் நடக்கிற நேரமாகப் பார்த்து இரண்டு மனைவிமாரும் கின்சாவுக்கு ரயிலேறிவிடுகிறார்கள். அங்கே கிமுராயா கடையில் 1874 முதல் ஆன்பான் உண்டு. மெத்தென்ற பன்னுக்குள் ஆங்கோ; உப்பிட்ட செர்ரிப் பூவை நடுவில் பதித்த ரகத்தை 1875-ல் மெய்ஜி பேரரசருக்கே கொடுத்தார்கள். இரண்டு பேரும் காசைக் கொடுத்து வாங்கி, தேநீரோடு சாவகாசமாகத் தின்கிறார்கள். கட்சி விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. நம்மவர் மனைவி ட்சுபுஆன். கணவரிடம் இதுவரை சொன்னதில்லை.