உலக விழுமிய ஆய்வுச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

மகாசயர்களே,

1981ஆம் ஆண்டு தொடங்கித் தேசம் தேசமாகச் சஞ்சரித்து, மானிட ஜாதியார் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை வினாத்தாளால் அளந்துவரும் தங்கள் கைங்கரியத்தைப் பற்றி, அளக்கப்படும் ஜனங்களில் ஒருவன் என்ற பாத்தியதையால் சில வார்த்தைகள் சமர்ப்பிக்கிறேன்.

பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, அல்லது மனிதரோடு பழகுவதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டுமா என்னும் தங்கள் கேள்வி உலகப் பிரசித்தம். நார்வேயில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் 'நம்பலாம்' என்கிறார்கள்; கொலம்பியாவிலோ 10 பேர்கூடத் தேறுவதில்லை. ஆனால் ரசீதோ பத்திரமோ இல்லாமல், தெருக்கோடியில் சீட்டுப் பிடிக்கும் அம்மாளிடம் மாதந்தோறும் பணம் கட்டிவரும் எங்கள் ஊர்க் குடும்பஸ்திரீ ஒருத்தி, தங்கள் அலுவலரிடம் 'ஜாக்கிரதையாகத்தான் இருக்கணும்' என்று பதில் சொல்லிவிட்டு, அந்தக் கையோடே தவணையைச் செலுத்தப் புறப்படுவாளானால், அவளை எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்? குடும்பத்தார், அண்டை வீட்டார், முதன்முறை சந்திப்பவர், அந்நிய மதத்தினர் என்று 2005க்குப் பின் தாங்களே கேள்வியைப் பிரித்துக் கேட்கத் தொடங்கியதால், இந்தச் சங்கடம் தங்களுக்கும் உறைத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பழைய கேள்வி மட்டும் சிம்மாசனத்தை விட்டு இறங்கக் காணோம்.

ஹார்வர்ட் மாணவர்களிடம் பணத்தையே கொடுத்துச் சோதித்து, கிளேசர் முதலான பண்டிதர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதைவிட ரசமானது. 'நம்பலாம்' என்று எழுதியவர்கள் பிறரை நம்பிப் பணம் கொடுப்பதில் விசேஷமாக முந்தவில்லை. தம்மை நம்பியவருக்குத் திருப்பிக் கொடுப்பதில்தான் யோக்கியதை காட்டினார்கள். அயலானை எடைபோடச் சொன்னால் ஆசாமி தன்னையே தராசில் ஏற்றிக்கொள்கிறான்!

சங்கங்களின் ஜாபிதாவைப் படித்து, செயல்படும் உறுப்பினரா, செயல்படாத உறுப்பினரா என்றும் விசாரிக்கிறீர்கள். செயல்படாதவருக்கும் ஒரு ஸ்தானம் ஒதுக்கிய தாராளத்தை எங்கள் அரசியல் கட்சிகளின் சார்பில் மெச்சுகிறேன். சாவு விழுந்த வீட்டில் அழையாமலே வந்து பாடை கட்டுகிறவர்தான், எந்தச் சங்கத்திலும் பெயர் கொடாத தோஷத்தால், தங்கள் கணக்கில் பொதுவாழ்வற்றவராகிறார்.

கடைசியாக ஒரு யோசனை. அந்நியரை அறவே நம்பாதவர், அந்நியரான தங்கள் அலுவலருக்கு மட்டும் ஏன் கதவைத் திறக்க வேண்டும்? ஆகவே, அடுத்த சுற்றில் திறவாத கதவுகளை 'மிகுந்த ஜாக்கிரதை' என்னும் கட்டத்திலேயே குறித்துக்கொள்ளலாம். என் வீட்டுக்கும் அவசியம் வாருங்கள். அடையாள அட்டையை முதலில் ஜன்னல் வழியாக நீட்டும்படி அலுவலரிடம் சொல்லிவைத்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
பதிலளிப்போரில் ஒருவன்