ஆடு எப்போ பஸ் ஏறுச்சு?

பத்து மணிக்கு ஒன் ஸ்டுடியோவுல பாட்டுப் பதிய வாரேன்னவன் பன்னெண்டாகியும் வரலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கியே பேராண்டி, போன் போட்டியா? “பஸ் ஏறிட்டேண்ணே, காரியாபட்டி தாண்டிட்டேன்”னானா? அவன் பேசுறப்பவே பின்னால ஆடு கத்துச்சே, அது எப்போ டிக்கெட் எடுத்துச்சுன்னு கேட்டியா? கேக்க மாட்ட. “வாங்கண்ணே, மெதுவா வாங்க”ன்னு சொல்லியிருப்ப. அவனும் மெதுவாத்தான் வாரான். அடுத்த வருசம் வந்து சேருவான்.

நம்ம திருச்சுழியில பொறந்து சொல்லாமக் கொள்ளாமக் கெளம்புனவுகள்ல பெரிய ஆளு யாரு? 1879-ல பொறந்த வேங்கடராமன். ரமண மகரிஷின்னு ஒலகமே கும்புடுது. 1896-ல மதுரையில இருந்து திருவண்ணாமலைக்குக் கெளம்புறாரு. அண்ணனோட காலேஜ் பீசுக்குக் குடுத்த அஞ்சு ரூவாயில வழிச்செலவுக்கு மூணை எடுத்துக்கிட்டு, மிச்சம் ரெண்டையும், பீஸ் கட்டலைன்னு ஒரு சீட்டையும் வச்சுட்டுத்தான் போனாரு. எல்லாத்தையும் விட்டுட்டுப் போறவருக்கே அம்புட்டுக் கணக்கு இருந்துச்சு. ஒன் பார்ட்டி டீக்கடை வரைக்கும்தான் போயிருக்கான். ஒரு வாட்ஸப் தட்டிவிட்டா வெரல் தேஞ்சா போகும்?

சரி, அவன ஏசி என்ன ஆகப் போவுது. பொங்கலுக்கு நையாண்டி மேளம் பேசப் போற கோயில் கமிட்டிக்காரவுகளப் பாத்திருக்கியா? வெத்தல பாக்கு வச்சு, அச்சாரத்தக் கையில குடுத்து, தேதியச் சொல்லிட்டு வருவாக. வாங்குன நாயனக்காரரு காய்ச்சல்ல படுத்தாக்கூட மாத்தாள அனுப்பிவிடுவாரு. கமிட்டியும் தேதிய மறக்காது, காசு உள்ள போயிருச்சுல்ல! அதே கமிட்டி அம்மன் பாட்டு பதிய ஒங்கிட்ட வாரப்போ மட்டும், “தம்பி, ஒன்ன நம்பாமயா?”ன்னு தோள்ல கையப் போடுது. அவுக ஒன்ன நம்புறது இருக்கட்டும், நீ எத வச்சு அவுகள நம்புற? தோள்ல கை விழுந்த ஒடனே ஒன் கையும் நீளணும். அச்சாரம் வாங்காம நோட்டுல பேரு எழுதாத.

வாங்குனதுக்கு ரசீது குடு. முந்துன நாள் சாயங்காலத்துக்குள்ள சொன்னா ஒரு தடவ தேதி மாத்தித் தருவேன், சொல்லாம நின்னுட்டா அச்சாரம் போச்சுன்னு அதுலயே எழுதிப்போடு. ரொம்பப் பேராசப்படாத. 1872-ல வெள்ளக்காரன் போட்ட ஒப்பந்தச் சட்டத்துல 74-ஆம் பிரிவுன்னு ஒண்ணு கெடக்கு. இம்புட்டு நட்டஈடுன்னு நீ எழுதி வச்சாலும் அதுக்குள்ள நியாயமானதுதான் கெடைக்கும்ங்குது. முழுப் பணத்தையும் முழுங்கப் பாத்தா, ஸ்டுடியோவுல கேக்காத பாட்டெல்லாம் கோர்ட்டுல கேக்க வேண்டியிருக்கும்.

முந்துன நாளு போன் போடுறப்போ “நாளைக்கு வருவீகளா?”ன்னு மட்டும் கேக்காத. வரமாட்டேன்னு எந்த ஊருல எவன் சொல்லியிருக்கான்? “சுருதி என்ன வைக்கட்டும்? கூட எத்தன பேரு வாரீக? உறுமி வருதா, தவில் மட்டுமா?”ன்னு கேளு. வாரவன் டக்குன்னு சொல்லுவான். வராதவன் இழுப்பான். அந்த இழுவையிலயே தெரிஞ்சுக்கிட்டு, அடுத்து காத்திருக்கிறவனுக்குச் சொல்லிவிட்டுரு. அப்பயும் அசையலையா, “மேலத்தெருக்காரவுக அந்த நேரத்தக் கேக்குறாக”ன்னு லேசாக் காதுல போடு. நம்ம பயக காசு போனாத் தாங்குவாக, மேலத்தெரு முந்துனா தாங்க மாட்டாக. பொய் சொல்லச் சொல்றேன்னு பாக்காத. மேலத்தெருக்கும் ஒரு பாட்டு வேணும்ல.

அந்தக் காலத்துச் சினிமாவுல பாடுறவுக, வயலின்காரரு, தபேலாக்காரரு எல்லாரும் ஒரே நேரத்துல இருந்து பதிஞ்சாக. ஒருத்தரு வரலைன்னா அத்தன பேரும் கையக் கட்டிக்கிட்டு இருக்கணும். அதான் கால்ஷீட்டுன்னா அம்புட்டு மருவாத. ஒன் கம்ப்யூட்டர்ல தனித்தனியாப் பதிஞ்சு ஒட்டிக்கிடலாம்னு தெரிஞ்சு போகவும் ஆளாளுக்கு இளக்காரம். ஒனக்கும் அதுல வசதி இருக்குல்ல? பாடுறவன் வரலையா, உறுமிக்காரன ஒக்கார வச்சு அவன் ட்ராக்க முடி. பாதியில கெடக்குற மிக்ஸிங்கப் பாரு. மைக்குக்குப் போட்ட பஞ்சுத் தொப்பியத் தடவிக்கிட்டு வாசலப் பாத்து ஒக்காராத.

ஒரு விசயம். ஐப்பசியில மழை எறங்கி ஒருத்தன் வரலைன்னா அவங்கிட்ட அச்சாரத்தப் புடிக்காத. இந்த வானம் பாத்த காட்டுல ஈரம் இருக்கிற அன்னைக்கு வெதைக்காம மைக்கு முன்னால நின்னு பாடுறவன் கிறுக்கன். சாவுன்னாலும் அப்படித்தான். ஆனா யாரு சாவுன்னு கேட்டுக்கோ. ஒருத்தனுக்கு அதே பெரியப்பா மூணு தடவ செத்துருக்காரு.

அப்பறம், வெள்ளிக்கெழம காலையில எனக்கு ஒரு மணி நேரம் போடு. ஒங்க அப்பத்தாவக் கூட்டியாரேன். அவ கும்மிப்பாட்டு அம்புட்டையும் பதிஞ்சுரணும். என்னத்த கைய நீட்டுற? ஒங்கப்பன் கல்யாணத்துக்கு மேளக்காரருக்கு அச்சாரம் குடுத்தது யாரு? அதுல கழிச்சுக்கோ.