செவுளும் சான்றிதழும்

காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கும் அக்கா, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். மகளைப் பிரசவத்துக்குச் சேர்க்கும்போது மட்டும் எதைத் தூக்கிப் பார்ப்பார்? சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழைத்தான்.

அரசு மருத்துவமனைகளுக்கான மத்திய அரசின் ‘காயகல்ப்’ விருது 2015-இல் வந்தது. வளாகத் தூய்மை, கழிவு அகற்றல், தொற்றுத் தடுப்பு என்று மதிப்பெண். நூற்றுக்கு 70 எடுத்தால் தேர்ச்சி. தேசியத் தரச் சான்றிதழ் என்றால் ஆயுள் 3 ஆண்டு. 2016-இல் வந்த ‘மேரா அஸ்பதால்’ (என் மருத்துவமனை) திட்டம் நோயாளியிடமே கருத்துக் கேட்கும். பெயர் மட்டும் இந்தியில்.

பிளஸ் டூ மார்க்கைத் தெருமுனையில் பேனர் கட்டிச் சொல்லும் ஊர் இது. மருத்துவமனையில் எத்தனை பேருக்குத் தையல் சீழ் பிடித்தது என்று சொல்ல மட்டும் பேனர் துணி கிடைப்பதில்லை.

அக்கா சான்றிதழை உற்றுப் பார்த்துக் கேட்டார்: “இது இன்னிக்கு மீனா, ஐஸ்ல வெச்சதா?”